வேன் ஓடுது, பேட்டரி ஏறலை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

டிராவலர் வேனுக்குள் கட்டில், ஃப்ரிட்ஜ், ஃபேன், அடுப்பு எல்லாம் வைத்து, அதையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நம் பக்கத்தில் இப்போது பெருகிவிட்டார்கள். அந்த வண்டிகளுக்கு வயரிங் செய்வதும் கோளாறு பார்ப்பதும் கோவையில் என் தொழில். எனக்கு வரும் புகார்களில் அதிகம் இதுதான்: "அண்ணா, புது பேட்டரி போட்டும் சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

பேட்டரி ஏறவில்லை என்றதும் பேட்டரியை மாற்றுவது பெரிய செலவு, பெரும்பாலும் வீண் செலவு. பேட்டரி சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வந்து சேரும் வழியில் எத்தனை ஃப்யூஸ், எத்தனை லக் (கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்), எத்தனை நட்டு, போல்ட்டு! கோளாறு அந்த வழியில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். மீட்டர் பிடிக்கத் தெரிந்த யாரும் அதைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு கேள்வி. எதில் போட்டால் ஏறவில்லை? கேரவனுக்கு சார்ஜ் மூன்று வழியாக வருகிறது: ஓடும்போது இன்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் (பேச்சில் டைனமோ), நிறுத்திய இடத்தில் 230 வோல்ட் கரண்ட், மேலே சோலார். மூன்றிலும் ஏறவில்லை என்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள். அதாவது பேட்டரி, அதன் மெயின் ஃப்யூஸ், பேட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச், நெகட்டிவ் கேபிள், லித்தியம் என்றால் உள்ளே இருந்து செல்களைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட். ஒன்றில் மட்டும் ஏறவில்லை என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். இதற்குப் பதில் தெரியாமல் யாரும் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை.

மீட்டரும் கொஞ்சம் கவனமும்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். கூடவே, கேபிளைச் சுற்றி மாட்டி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர். கடையில் கேட்டு வாங்கும்போது டிசி ஆம்பியர் காட்டுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசியை மட்டும்தான் அளக்கும். பேட்டரி கேபிளில் மாட்டினால் பூஜ்ஜியம் காட்டி உங்களைத் தவறான பக்கம் அனுப்பிவிடும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று. இன்னொன்று, இதை நீங்களே செய்துகொள்ளலாம்: ஏழு மீட்டர் மெல்லிய வயரின் இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்து, நடுவில் 1 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்று போட்டு வையுங்கள். இன்ஜின் முன்னால், ஃப்ரிட்ஜ், ஃபேனுக்கான தனி பேட்டரி, அதாவது ஹவுஸ் பேட்டரி, பின்னால். மீட்டர் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. இந்த வயர் இல்லாததால்தான் பலர் முக்கியமான சோதனையைச் செய்வதே இல்லை.

மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் போலப் பற்றிக்கொள்ளும். எந்த வேலைக்கும் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா" என்று பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் ஆல்டர்னேட்டரின் டையோடையும் வண்டியின் ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சேர்த்தே எரித்துவிடலாம்.

பேட்டரி என்ன சொல்கிறது

சார்ஜ், லோடு எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டு அளந்தால் வரும் வோல்டேஜ்தான் நம்பகமானது. லெட் ஆசிட்டுக்கு 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2க்குப் பக்கம் என்றால் பாதி. 11.8 என்றால் காலி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. 13.0 முதல் 13.3 வரை ஒரே மட்டத்தில் நிற்கும். 30 சதவீதமா, 80 சதவீதமா என்று வோல்டேஜை வைத்துச் சொல்ல முடியாது. லித்தியம் வைத்திருப்பவர்கள், எத்தனை ஆம்பியர் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கணக்கு வைக்கும் ஷண்ட் மானிட்டர் ஒன்றைப் பொருத்தியே ஆக வேண்டும்.

சார்ஜர் ஓடும்போது அளந்தால் பேட்டரி முனையில் முன்பிருந்ததைவிட வோல்டேஜ் கூட வேண்டும். 12.4 இருந்தது, இன்ஜின் ஓடும்போதும் 12.4 என்றால் ஒன்றுமே வரவில்லை. 13.1 ஆனது என்றால் வருகிறது, போதவில்லை. 14க்கு மேல் போனது என்றால் வழி சரியாக இருக்கிறது.

வரவா, செலவா?

சார்ஜ் ஏறவில்லை என்று வரும் வண்டிகளில் ஒரு பகுதிக்கு உண்மையில் ஏறுகிறது. இறங்குவது அதிகமாக இருக்கிறது. கோவையிலிருந்து கிளம்பி ஆழியார் வழியாக வால்பாறை போகிறீர்கள் என்று வையுங்கள். நின்று நின்று போனதில் இன்ஜின் மூன்று மணி நேரம் ஓடியது. நல்ல வயரிங் இருந்து சராசரி 15 ஆம்ப் உள்ளே போனால் 45 ஆம்பியர் ஹவர். இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடி சராசரி 2 ஆம்ப் எடுத்தால் 20 போனது. ஃபேன் ஒரு 20. எதுவும் ஓடாவிட்டாலும் ஆன் செய்து விட்ட இன்வெர்ட்டர் சும்மாவே 1 ஆம்ப் தின்றால் இன்னொரு 10. கூட்டினால் 50. லைட்டும் போன் சார்ஜும் தனி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறி மூன்றாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜ் நிற்கிறது; பழி பேட்டரி மேல் விழுகிறது.

எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளில் டிசி கிளாம்பை மாட்டிப் பாருங்கள். அரை ஆம்புக்கு மேல் ஓடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன்.

ஓடும்போது ஏறாத வண்டி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறும் இடம் இது. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வண்டியைக் கொண்டு வந்தார். "டைனமோ நல்லா இருக்குதுங்கண்ணா, பேட்டரியும் புதுசு. அப்புறம் எப்படிங்க ஏறாம போகும்?" என்றார். அவர் சொன்ன இரண்டுமே சரி. இன்ஜினைக் கொஞ்சம் ரெய்ஸ் செய்து வைத்து அளந்தேன். ஆல்டர்னேட்டர் முனையில் 14.2. பின்னால் ஹவுஸ் பேட்டரி முனையில் 13.2. ஒரு வோல்ட் வழியில் காணாமல் போயிருக்கிறது. கேபிளில் ஓடியது 8 ஆம்ப் மட்டும்.

அந்த ஒரு வோல்ட் எங்கே போனது என்று கேட்பதுதான் நான் சொன்ன முக்கியமான சோதனை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டில் (கரண்ட் வெளியே வரும் போல்ட்டு), கறுப்பு முனை ஹவுஸ் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டில். தண்டைப் பிடித்திருக்கும் கேபிள் கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயத் தண்டிலேயே வையுங்கள். கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவில்கூட நஷ்டம் இருக்கலாம். இப்போது மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் வழியில் வீணாகும் வோல்டேஜ். அடுத்து, ஹவுஸ் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலிருந்து ஆல்டர்னேட்டரின் உலோக உடம்புக்கு அதேபோல அளந்தால் நெகட்டிவ் வழியில் வீணாவது தெரியும். இரண்டில் எது கால் வோல்ட்டைத் தாண்டினாலும் தேட வேண்டும். பேட்டரி பாதியாவது இறங்கியிருக்கும்போது செய்யுங்கள். கரண்ட் ஓடாதபோது எவ்வளவு மோசமான இணைப்பும் நல்ல வோல்டேஜைத்தான் காட்டும். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், வேட்டி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி ஜாக்கிரதை.

அந்த வண்டியில் பாசிட்டிவ் பக்கம் 0.1, நெகட்டிவ் பக்கம் 0.9. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், பின்பக்கச் சக்கரத்துக்கு மேலே, கறுப்பு அண்டர்கோட்டிங் பூசிய பாடியின் மேலேயே எர்த் லக்கை வைத்து போல்ட்டு போட்டிருந்தார்கள். லக்கின் தட்டை முகம் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது; கரண்ட் போக வழி போல்ட்டின் மரை மட்டும். கழற்றினால் லக்கின் அடியில் பழுப்பாக ஒரு வளையம், மரையில் துரு. பாடியை எமரி போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவி மூடினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது பின்னால் 13.8க்கு மேல் வந்தது, கரண்ட் 20 ஆம்ப் ஓடியது. அவர் பேட்டரியை ஏற்கெனவே மாற்றியிருந்தார். செலவு செய்ய வேண்டியது ஒரு துண்டு எமரி பேப்பர்.

பாசிட்டிவ் பக்கத்தில் நஷ்டம் என்றால் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரிலேயே வைத்துவிட்டு கறுப்பு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே வாருங்கள்: ஃப்யூஸுக்கு முன், ஃப்யூஸுக்குப் பின், இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் ரிலேக்கு முன், ரிலேக்குப் பின், கேபிள் லக், பேட்டரி தண்டு. ரீடிங் எங்கே திடீரென்று குதிக்கிறதோ அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில்தான் கோளாறு. சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் அடிக்கடி மாட்டும்; வெளியே ஸ்லீவ் அழகாக இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். ஃப்யூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் மஞ்சளாகி நெளிந்திருந்தாலும் சந்தேகமே வேண்டாம்.

எல்லா இணைப்பும் நன்றாக இருந்தும் வோல்டேஜ் குறைந்தால் கேபிள் மெலிது. தோட்டத்துக்கு அரை இன்ச் ஓஸில் தண்ணீர் பாய்ச்சுகிற கதைதான். கணக்கு எளிது: செம்புக் கேபிளின் மொத்த நீளத்தை, போகவும் வரவும் சேர்த்து, 0.0175ஆல் பெருக்கி, கேபிளின் ஸ்கொயர் எம்எம்மால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் ஓமில் வரும். முன்னாலிருந்து பின்னால் ஆறு மீட்டர், திரும்ப ஆறு மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் என்றால் 0.0525 ஓம், 20 ஆம்ப் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வீண். அதே தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் கால் வோல்ட்டோடு முடிந்துவிடும். ஏசி லைன் போடும் எலக்ட்ரீசியன் "20 ஆம்புக்கு 4 ஸ்கொயர் தாராளம்" என்பார். சூடாவதைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் 230 வோல்ட்டில் ஒன்று போனால் தெரியாது, 14இல் ஒன்று போனால் சார்ஜே போயிற்று. இந்தக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் இன்னொரு சங்கதி. பல மாடல்களில் ஆல்டர்னேட்டரை ஈசியூ கட்டுப்படுத்துகிறது. டீசல் மிச்சம் பிடிக்க, இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும். பிரேக் போடும்போதோ இறக்கத்தில் வரும்போதோ 14க்கு மேல் ஏற்றும். இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் விஎஸ்ஆர் ரிலே வழக்கமாக 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8இல் பிரியும். இப்படிப்பட்ட வண்டியில் அது சேர்ந்து சேர்ந்து பிரிந்துகொண்டே இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ரோட்டில் ஏறாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஓட்டிக்கொண்டே அரை மணி நேரம் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 12.5க்கும் 14.5க்கும் நடுவில் ஊஞ்சலாடினால் ரிலேயை எடுத்துவிட்டு டிசி டு டிசி சார்ஜர் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே சரியான வோல்டேஜைத் தயாரித்துக் கொடுப்பது அதன் வேலை.

லித்தியம் வைத்தவர்களுக்கும் அது கட்டாயம். லித்தியம் கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். நேராக இணைத்தால் ஐட்லிங்கில் ஃபேன் மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் முழு லோடில் வெந்துவிடும். டிசி டு டிசி சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அதன் இக்னிஷன் சிக்னல் வயரை முதலில் பாருங்கள். சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து, வண்டி ஓடும்வரை நிற்கிற இடத்திலிருந்து அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது சூடு. கட்டிலுக்கு அடியில் காற்றில்லாத பெட்டிக்குள் திருகியிருந்தால் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆம்பியரைக் குறைத்துவிடும்.

கரண்டில் போட்டால் ஏறாதபோது

சைட்டில் 230 வருகிறதா என்று சார்ஜரின் பிளக்கில், சார்ஜர் ஓடும்போதே அளக்கவும். தோட்டத்து ரிசார்ட்டுகளில் நீளமான மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரில் 180க்கு இறங்குவது உண்டு. சில சார்ஜர்கள் அதில் வேலையை நிறுத்திவிடும். அடுத்து, சார்ஜரின் பேட்டரி வகை செட்டிங். லெட் ஆசிட்டை எடுத்து லித்தியம் வைத்தவர்கள் பலர் அதை மாற்றுவதில்லை. அப்படியே விட்டால் சரியாக நிறையாது. டி-சல்ஃபேஷன், ஈக்வலைஸ் என்று வோல்டேஜை எகிறவிடும் கட்டம் அதில் இருந்தால் பிஎம்எஸ் கட் ஆகும்.

கண்டுபிடிக்கச் சிரமமான ஒன்று: சார்ஜரின் பிளக் வண்டியின் இன்வெர்ட்டர் சாக்கெட்டிலேயே சொருகியிருக்கும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து அதே பேட்டரி. சார்ஜிங் லைட் பச்சையாக எரியும், பேட்டரி இறங்கிக்கொண்டே போகும்.

சோலார்

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலருக்கு பேட்டரியை முதலில் இணைத்து, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். 36 செல் பேனல் வெயிலில் லோடு இல்லாமல் 20 வோல்ட் சுமாருக்குக் காட்ட வேண்டும். வோல்டேஜ் இருக்கிறது, ஆம்பியர் இல்லை என்றால் இரண்டு பேனல் பேரலலில் இருந்து ஒன்று செத்திருக்கலாம். வோல்டேஜை வைத்து இது தெரியாது. ஒவ்வொரு பேனல் வயரிலும் கிளாம்பை மாட்டுங்கள். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்ப் பக்கம் கொடுக்கும். வீட்டு மாடிக்குப் போடும் 60 செல் பேனலை, பேனல் வோல்டேஜைப் பேட்டரி அளவுக்கே இழுத்துவிடும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் மாட்டியிருந்தால் பாதிக்கு மேல் வீண். அதற்கு, கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே வரவு பாதியாகிவிடும், எனவே மரத்தடியில் நிறுத்திவிட்டு கன்ட்ரோலரைக் குறை சொல்ல முடியாது.

கன்ட்ரோலர் சீக்கிரமே ஃப்ளோட்டுக்கு (நிறைந்தபின் வோல்டேஜைக் குறைத்துத் தக்கவைக்கும் கட்டம்) போய்விடுகிறது, பேட்டரியோ நிறையவில்லை என்றால், கன்ட்ரோலர் முனையிலும் பேட்டரி தண்டிலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். அங்கே 14.4, இங்கே 13.7 என்றால் நடுவில் இருக்கும் கேபிள் மெலிது அல்லது லக் லூஸ். கன்ட்ரோலர் தன் முனையில் இருப்பதைப் பேட்டரியின் வோல்டேஜ் என்று நம்பி, நிறைந்துவிட்டதாக முடிவு செய்கிறது.

பேட்டரியே போய்விட்டதா?

வழி முழுக்கச் சரி என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கேள்வி. சல்ஃபேட் ஆன, அதாவது தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்த, லெட் ஆசிட் பேட்டரி சார்ஜர் போட்ட சில நிமிடத்திலேயே 14.4க்குத் தாவும், ஆம்பியர் சரசரவென்று இறங்கும், "ஃபுல்" என்று காட்டும். ஒரு 10 ஆம்ப் லோடு போட்டதும் கவிழ்ந்துவிடும். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.100 காட்டினால் அந்தச் செல் போயிற்று. ஓய்வில் 10.5 பக்கமே நின்றாலும் அதே அர்த்தம். இரண்டு பேட்டரி பேரலலில் இருந்தால் பிரித்துத் தனித்தனியாகச் சோதியுங்கள், கெட்டது நல்லதையும் குடித்துவிடும். திரும்பச் சேர்க்கும்போது பாசிட்டிவ் கேபிள் ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ் கேபிள் மற்றதிலிருந்தும் போக வேண்டும், அப்போதுதான் இரண்டும் சமமாக ஏறும்.

லித்தியத்தின் முனையில் பூஜ்ஜியமோ ஓரிரு வோல்ட்டோ காட்டினால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ரொம்ப இறங்கியதால் பிஎம்எஸ் கதவைச் சாத்தியிருக்கும். பேட்டரி வோல்டேஜைப் பார்த்த பிறகே ஓடும் சார்ஜர் அதை எழுப்பாது. பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும் வசதியுள்ள லித்தியம் சார்ஜர் வேண்டும். லடாக் பக்கம் குளிரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: செல்லின் சூடு 0 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும். அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். ஹீட்டர் வைத்த பேட்டரி வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரியை வண்டிக்கு உள்ளே, நீங்கள் தூங்கும் அறையின் சூட்டில் வையுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு இந்தக் கவலை அநேகமாக வராது.

சரி செய்து முடித்த அன்று, வண்டி நன்றாக இருக்கும்போதே, ஐந்து ரீடிங் எடுத்து மாஸ்கிங் டேப்பில் எழுதி பேட்டரி பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்: ஓய்வு வோல்டேஜ், இன்ஜின் ஓடும்போது ஹவுஸ் பேட்டரியில் வோல்டேஜும் ஆம்பியரும், மத்தியான வெயிலில் சோலார் ஆம்பியர், எல்லாம் அணைத்தபின் ஓடும் ஆம்பியர். எங்கோ ஒரு ஊரில் வண்டி நின்று, நம் வயரிங்கைப் பார்த்தே இராத ஒரு மெக்கானிக் மூடியைத் திறந்தால் அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த ஐந்து எண்கள்தான்.